பத்தாம் நம்பர் பிளேடு

பிப்ரவரி 6

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. உங்கள் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போன மாதம் போனில் நாம் பேசிக்கொண்ட பேச்சுக்குப் பிறகு எனக்கே கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. போனில் வாய் முந்திக்கொள்கிறது. அதனால் இனி எழுதிக்கொள்வோம். அச்சகத்தில் பிழை திருத்தியே காலம் தள்ளியவள் நான். எழுத்தில் போவதை இரண்டு முறை படிக்காமல் அனுப்ப மாட்டேன்.

விஷயம் நம் பிள்ளைகளைப் பற்றியதில்லை. அதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். இது கம்பளியைப் பற்றியது. என் மகனுக்குப் பாலம் கட்டும் இடத்திலேயே தங்கும்படி வேலை வந்துவிட்டது. நாயை என்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டான். கூடவே ஒரு பையில் தட்டு, கயிறு, பாதி தின்ற ரப்பர் எலும்பு. எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குச் சுருட்டை முடி வளர்ந்து கண்ணை மூடியிருக்கிறது. தலை எந்தப் பக்கம் என்று நடக்கும்போதுதான் தெரிகிறது. கதவு திறந்திருக்கிறது என்று நினைத்துச் சுவரில் போய் முட்டிக்கொள்கிறது. காதுக்குப் பின்னால் சிக்கு விழுந்து கயிறாக முறுக்கிக்கொண்டிருக்கிறது. வெட்டித்தான் ஆக வேண்டும்.

வாங்கி வளர்த்தவள் உங்கள் மகள். யாரிடம் வெட்டினாள், எந்த அளவுக்கு வெட்டினாள் என்று கேட்டு எழுதவும். உங்கள் தையல் கடையில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கம்பளியைத் தற்சமயம் வைத்திருப்பவள்


பிப்ரவரி 17

சம்பந்தியம்மாவுக்கு,

நலம். பிரஷர் மாத்திரை ஒன்றாக இருந்தது ஒன்றரையாகியிருக்கிறது. யாரால் என்று எழுதப்போவதில்லை. பள்ளிக்கூட யூனிஃபார்ம் நேரம், மிஷினைவிட்டு எழுந்தால் காலே மரத்துப்போகிறது. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

மகளிடம் கேட்டேன். கம்பளி பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. எங்கள் வாடகை வீட்டுக்காரர் மட்டும் நாய் வைக்க விட்டிருந்தால் அவனை அங்கே விட்டுவைத்திருக்கவே மாட்டோம்.

அவள் சொன்ன அளவு இது. உடம்பில் ஓர் அங்குலத்துக்குக் குறையவே கூடாது. முதுகிலும் இடுப்பிலும் மெஷின் வைக்கக் கூடாது, கத்தரிதான். முகத்தையும் பாதத்தையும் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஏன் முதுகுக்கு மட்டும் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டேன். அப்படி இருந்தால்தான் அவனுக்கு அழகு என்றாள்.

வெட்டியவர்கள் மூன்று பேர். முதலில் ஸ்டேஷன் பக்கத்துக் கடை, பிறகு கால்நடை மருத்துவமனையோடு சேர்ந்த கடை, கடைசியில் வீட்டுக்கே வரும் ஒரு பெண். எல்லாரும் பிள்ளைகள் குடியிருந்த ஊர்க்காரர்கள், உங்களுக்கு உதவ மாட்டார்கள். எதற்கு இத்தனை பேரை மாற்றினாய் என்றேன். பிடிக்கவில்லை என்றாள். என்னிடம் தைக்கக் கொடுப்பவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. அளவு அதேதான், கடையை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மே முதல் வாரம் அவளுக்கு விடுப்பு. கம்பளியைப் பார்க்க வரட்டுமா? உங்கள் மகன் வீட்டுக்கு வராத நாளாகப் பார்த்துச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


மார்ச் 8

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் பரவாயில்லை, வெந்நீர் தூக்கிய தோள் வலிக்கிறது. அங்கே உங்கள் காலும் மகளும் சுகம்தானே.

நாய்க்கு முடி வெட்டுவது இவ்வளவு பெரிய தொழிலாக வளர்ந்திருப்பது எனக்குத் தெரியாது. முதலில் கண்ணாடி அறை போட்ட ஒரு கடைக்குப் போனேன். உள்ளே ஓர் இளம்பெண், தலையில் ஊதா நிற முடி. டெடி கட் வேண்டுமா, லாம்ப் கட் வேண்டுமா, லயன் கட் வேண்டுமா என்றாள். கரடி, ஆட்டுக்குட்டி, சிங்கம். நாய் மாதிரி வெட்ட முடியுமா என்று கேட்டேன். உள்ளே போய்க் கேட்டு வருகிறேன் என்றாள். நான் வந்துவிட்டேன்.

இரண்டாமவர் வேனோடு வாசலுக்கே வருபவர். நல்ல மனிதர்தான். வேலையைத் தொடங்குமுன் இடுப்பில் பெல்ட்டோடு கட்டியிருந்த கருவிப்பையை அவிழ்த்தார். பக்கிள் சத்தம் கேட்டதும் நாய் வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பிஸ்கட் காட்டினோம், கெஞ்சினோம். அவர் மூன்று வீடு தள்ளிப் போன பிறகுதான் வெளியே வந்தது. என்ன பயமோ தெரியவில்லை.

மூன்றாமவர் சைக்கிள் கடையை ஒட்டிய சின்ன அறையில் இருக்கிறார். நடுத்தர வயது. நாயிடம்தான் பேசுகிறார், என்னிடம் தேவைக்கு மட்டும். இவரைத்தான் வைத்துக்கொள்வதாக இருக்கிறேன். சிக்கு தோல்வரை இறங்கிவிட்டதாம். பிரித்தெடுத்தால் வலிக்கும், குட்டையாக எடுத்துவிட்டால் தானாக வளரும் என்கிறார். எனக்கும் பத்து மில்லிமீட்டர் போதும் என்று படுகிறது. ஓர் அங்குலம் உங்கள் மகளுக்கு அழகாக இருக்கலாம். அது முழுவதும் என் சோபாவில்தான் இருக்கிறது.

மே முதல் வாரம் தாராளமாக வரட்டும். என் மகன் வர மாட்டான்.

இப்படிக்கு,
சோபாவின் சொந்தக்காரி


மார்ச் 20

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் தோளுக்கு ஒரு களிம்பு இதோடு அனுப்பியிருக்கிறேன், இரவில் தடவவும். நான் நலம்.

பத்து மில்லிமீட்டர் என்றால் என் டேப்பில் என்ன நீளம் என்று பார்த்தேன். என் சுண்டுவிரல் நகம். இருபத்தைந்து கேட்ட இடத்தில் பத்து. சட்டைக்கு அளவு கொடுத்தால் ரவிக்கை தைத்துக் கொடுப்பீர்கள் போலிருக்கிறது.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பத்து என்ற இடம் வந்ததும் தட்டில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டாள். ஒரு நாயின் முடிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எனக்கே எரிச்சல். பிறகு வந்து, வெட்டவே வேண்டாம், மே மாதம் நானே உட்கார்ந்து சிக்கெடுக்கிறேன், அதுவரை தொடாமல் இருக்கச் சொல்லும்மா என்றாள். முடி நனைவதற்கு முன்னால் சீவ வேண்டுமாம், நனைந்தால் சிக்கு இறுகிவிடுமாம். நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தோலுக்கு வர வேண்டுமாம். தயவுசெய்து அதுவரை பொறுங்கள்.

ஜூன் மாத விசாரணையில் உங்கள் மகன் பக்கம் நீங்கள் சாட்சி சொல்லப்போவதாக வக்கீல் சொன்னார். காரணமே இல்லாமல் என் பெண் வீட்டைவிட்டு வந்துவிட்டாள் என்று. அதைப் பற்றியெல்லாம் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறோம். ஆகவே நான் அதைப் பற்றி எழுதவில்லை.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


ஏப்ரல் 14

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

களிம்பு வந்தது. நன்றி. நீங்களும் மகளும் நலம் என்று நினைக்கிறேன்.

முடி வெட்டியாயிற்று. சிக்கு அதிகமாகிப் புண்ணாகத் தொடங்கியதால் பொறுக்க முடியவில்லை. நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைந்துவிட்டது. வளர்ந்துவிடும்.

மே முதல் வாரம் வேண்டாம். எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கவும் ஆள் சொல்லியிருக்கிறேன். ஜூலையில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சின்ன விஷயம். குட்டியாக இருந்தபோது கம்பளி மாடியிலிருந்து விழுந்ததா, வண்டியில் அடிபட்டதா, முள்கம்பியில் மாட்டிக்கொண்டதா என்று மகளிடம் கேட்டு எழுதவும். அவசரமில்லை. முடிந்தால் உடனே எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 24

சம்பந்தியம்மாவுக்கு,

காய்ச்சல் எப்படி இருக்கிறது? வருகிற மாதிரி இருந்ததே, வந்ததா? காய்ச்சல் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து வெள்ளையடிக்க ஆள் சொல்பவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்டதை அவளிடம் கேட்டேன். எதற்காகக் கேட்கிறார்கள் என்றாள். தெரியாது என்றேன். முடியை ரொம்பக் குறைத்துவிட்டார்களா என்றாள். ஆமாம் போலிருக்கிறது என்றேன். சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இரண்டு பக்கமும் புரியவில்லை. கம்பளியைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரு படம் போதும்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


மே 12

சம்பந்தியம்மாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. மன்னிக்கவும்.

படம் வரவில்லை. பதிலும் வரவில்லை. மகளின் விடுப்பு வந்து போய்விட்டது. நாயை உங்கள் மகன் விற்றுவிட்டாரா? செத்துப்போய்விட்டதா? எதுவானாலும் ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு நானே கிளம்பி வருகிறேன். வீட்டில் வெள்ளையடித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருப்பவள்


மே 19

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நாய் உயிரோடு இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது. எனக்குக் காய்ச்சல் வரவில்லை, வீட்டுக்கு வெள்ளையும் அடிக்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஏப்ரல் மாதம் சைக்கிள் கடைப் பக்கத்துக்காரரிடம் கூட்டிப்போனேன். பத்து வையுங்கள் என்றேன். பத்தா, நிச்சயமாகவா என்று இரண்டு முறை கேட்டார். நான் உங்கள் கடிதத்தை மனதில் வைத்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் பத்துதான் என்றேன். எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் மேஜைமேல் வேறு ஏதோ பிராணி நிற்கிறது. பெயர் கம்பளி, உடம்பில் ஒரு நூல் இல்லை. நான் சொன்னது மில்லிமீட்டர். அவர் எடுத்துக்கொண்டது பிளேடு நம்பர். அந்த நம்பர் ஏற ஏற முடி குறையுமாம். பத்தாம் நம்பர் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர்தான் மிஞ்சுமாம். ஆயுள் முழுக்க ஓர் எழுத்து மாறினால் அர்த்தமே மாறிவிடும் என்று சின்னவர்களைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

நான் சிரிக்கப்போனேன். அவர் சிரிக்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, "இங்க வந்து பாருங்கம்மா" என்றார். என் விரலைப் பிடித்து அதன் இடுப்பின்மேல் வைத்தார்.

இடுப்பிலிருந்து விலாவரை மூன்று கோடுகள். தோல் பளபளவென்று, முடி முளைக்காமல். ஒரு கோட்டின் முடிவில் சதுரமாக ஒரு தழும்பு. சுற்றியிருந்த முடி நீளமாக இருந்தவரை எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்திருக்கிறது. "பழைய காயம். பெல்ட் மாதிரி இருக்கும்மா" என்றார். கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். விலா எலும்பு ஒன்று முறிந்து, கவனிப்பில்லாமல் தானாகவே கூடியிருக்கிறது என்றார்.

விழுந்ததா, வண்டியில் அடிபட்டதா என்று உங்களைக் கேட்டது அதனால்தான். ஆமாம் என்று ஒரு வரி வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வரவில்லை. முடி வளர்ந்தால் மூடிக்கொள்ளும் என்று இருந்தேன். காலையில் எழுந்ததும் தடவிப் பார்ப்பேன். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது என்று, இந்த வெயிலில் அதற்கு ஒரு சட்டை வாங்கிப் போட்டேன். ஏன் பதில் எழுதவில்லை என்றால் இதுதான். சட்டை போட்ட நாயைப் படம் எடுத்து அனுப்ப முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் வந்தான். பைக் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எப்போதும் அப்படித்தான் செய்யும். தன்னை விட்டுவிட்டுப் போன கோபம் என்று நான் அவனிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவன் சாப்பிட உட்கார்ந்த பிறகு கேட்டேன். எங்கேயாவது விழுந்திருக்கும் என்றான். மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். தட்டை ஓரமாகத் தள்ளினான்.

"நான் ஒண்ணும் அதை அடிக்கலைம்மா. அதுவா குறுக்கே வந்துச்சு."

"எதுக்குக் குறுக்கே வந்துச்சு?"

கை கழுவப் போனான். தண்ணீர் வெகு நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு என்னிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டான்.

ஜனவரியில் போனில், என் மகன் கை நீட்டினான் என்று நீங்கள் சொன்னபோது, உங்கள் மகளைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே திரும்ப எழுத மாட்டேன். அது தவறு. இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். திருத்த ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
அவனைப் பெற்றவள்


ஜூன் 2

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஒரு குழந்தைக்கு அளவெடுக்க வந்தவர்களை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் வேலை முடிந்து வந்ததும் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து சொன்னாள்.

அன்று பெல்ட் எடுத்தது நாய்க்கு இல்லை. அவள் சமையலறை மூலையில் இருந்திருக்கிறாள். இரண்டு அடி விழுந்திருக்கிறது. அதற்குள் கம்பளி ஓடி வந்து நடுவில் நின்றுகொண்டானாம். குரைக்கவில்லையாம், கடிக்கவில்லையாம், நகரவும் இல்லையாம். மீதி எல்லாம் அவனுக்கு. மறுநாள் உங்கள் மகன் வேலைக்குப் போனதும் கைப்பையோடு கிளம்பியவள்தான். கம்பளியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியவில்லை என்று ஒவ்வோர் இரவும் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அதுவும் முதல் முறை இல்லை. முந்தின வருடத்திலேயே கம்பளியின் இடுப்பில் ஒரு தழும்பு இருந்திருக்கிறது. முடி வெட்டுபவர்கள் முடியை விலக்கியதும் இது என்ன என்று கேட்பார்கள். முதல் ஆள் கேட்டார், இரண்டாம் ஆளிடம் போனாள். அவரும் கேட்டார். வீட்டுக்கு வந்த பெண்ணும் கேட்டாள். அதன் பிறகு இவளே ஒரு கத்தரி வாங்கி வெட்டியிருக்கிறாள், ஓர் அங்குலத்துக்குக் குறையாமல்.

என்னிடம் கன்னத்தில் ஓர் அறை என்றுதான் சொல்லியிருந்தாள். வக்கீலிடமும் அதேதான். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

"ஒரு அறைன்னா நீ தாங்கிக்குவே. இதைத் தாங்க மாட்டேன்னு நினைச்சேம்மா."

ஊரில் இருக்கிற முதுகையெல்லாம் டேப் வைத்து அளக்கிறேன். என் பெண் முதுகை நான் பார்க்கவில்லை.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். ஒரு மாதம் அந்த வாயில்லாப் பிராணிக்குச் சட்டை மாட்டி வைத்திருந்தீர்கள். எழுதினீர்களே என்பதையும் மறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். இந்த மாதக் கடைசியில் விசாரணை. நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


ஜூன் 9

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் மகள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொள்ளவும்.

கேட்டதற்குப் பதில்: பார்த்ததைச் சொல்வேன். அவன் என்னிடம் சொன்னதையும் சொல்வேன்.

நீதிமன்றத்தில் அவன் காதில் முதன்முதலாக விழக் கூடாது என்பதற்காக நேற்றே போன் செய்து சொல்லிவிட்டேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ என் அம்மாதானே?" என்று கேட்டான்.

"ஆமா. அதனாலதான் முன்னாடியே சொல்றேன்" என்றேன்.

அவன் வக்கீல் கூப்பிட்டு, இனி நான் வர வேண்டியதில்லை என்றார். உங்கள் வக்கீல் என்னைக் கூப்பிடட்டும். மருத்துவரும் எழுதிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்.

கம்பளியைக் கூட்டி வருகிறேன். திரும்ப அழைத்துப்போக மாட்டேன். உங்கள் வீட்டுக்காரரிடம் எப்படியாவது பேசுங்கள். அவனுக்கு முடி அரை அங்குலத்துக்கு மேல் வளர்ந்து, கோடுகள் மூடத் தொடங்கியிருந்தன. இன்று காலை அந்தச் சைக்கிள் கடைப் பக்கத்துக்காரரிடம் கொண்டுபோய் மறுபடி ஒட்ட எடுத்துவிட்டேன். பத்தாம் நம்பர்தானே என்று கேட்டார். பத்தாம் நம்பர்தான் என்றேன். இந்த முறை தெரிந்துதான் சொன்னேன். அவன் அசையாமல் நின்றான். வரும் வழியில் சட்டை போடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூலை 3

அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார்ந்து போனதில் முழங்கால் என்ன ஆயிற்றோ. ஒரு டீகூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். நான் கம்பளியின் கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினால் நீங்கள் இல்லை.

நாயை நீதிமன்றத்துக்குள் விடவில்லை என்பதால் நான் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததெல்லாம் மகள் சொல்லித்தான் தெரியும். உங்களுக்கும் மகனுக்கும் ஏதாவது மனத்தாங்கலா என்று அவர் பக்கத்து வக்கீல் உங்களைக் கேட்டாராம். "ஒண்ணும் இல்லைங்க. நேத்துக்கூட அவனுக்குப் பிடிச்சதைச் செஞ்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றீர்களாம். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லையாம். இதைச் சொல்லும்போது மகள் அழுதாள். வீட்டைவிட்டு வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும், நல்ல துணி உடுத்தியிருக்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் தாழ்வாரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கம்பளி முதலில் அவள் செருப்பை மோந்தான். பிறகு வாலோடு சேர்ந்து உடம்பு முழுவதும் ஆடியது. கடைசியில் அவள் காலை அணைத்துப் படுத்துத் தூங்கிப்போனான். போகிற வருகிறவர்கள் எல்லாரும் அவன் முதுகைப் பார்த்தார்கள். அவள் கையை வைத்து மறைக்கவில்லை.

அவளை உங்கள் மகன் நெருங்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. மற்றது முடிய நாளாகும். வீட்டுக்காரரிடம் பேசினேன். அவர் பேரன்களுக்கு அடுத்த வருட யூனிஃபார்ம் நான்தான் தைக்க வேண்டும் என்று ஞாபகப்படுத்தினேன். நாய் இருக்கலாம், குரைக்கக் கூடாது என்றார். அவன் குரைப்பதே இல்லை.

உங்களைப் பற்றி அவள் எதுவும் எழுதச் சொல்லவில்லை. நான் இந்தக் கடிதத்தை எழுதுவது தெரிந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நீங்கள் மூவரும் நலம் என்று தெரிந்து சந்தோஷம். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. முழங்காலுக்குப் புது மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத வேண்டியது பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. வீடு சுத்தமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் யாரையும் வெளியே கூட்டிப்போக வேண்டியதில்லை என்பது ஞாபகத்துக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகிறது. இருந்தாலும் தெருமுனைவரை போய் வருகிறேன்.

மகன் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் செய்கிறேன். எடுக்கிறான், பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். நீ அவளுக்குச் செய்ததை நீயே வாயைத் திறந்து ஒப்புக்கொள்ளாதவரை இந்த வீட்டில் உனக்குச் சாப்பாடு உண்டு, பேச்சு இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன். அவன் கேட்டுக்கொண்டிருப்பது மூச்சில் தெரிகிறது. பிறகு நான்தான் வைக்கிறேன். இது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகளிடம் நான் எதுவும் கேட்டு எழுதப்போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று நீங்கள் எழுதியதே எனக்கு அதிகம்.

நேற்று சைக்கிள் கடைப் பக்கம் போக வேண்டியிருந்தது. முடி வெட்டுபவர் மேஜைமேல் ஒரு வெள்ளை நாயை நிறுத்தி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கம்பளி எங்கே என்றார். வீட்டுக்குப் போய்விட்டான் என்றேன். கத்தரியைக் கீழே வைத்தார்.

"உங்க பையன் வீட்டுக்காம்மா?"

"இல்லப்பா. என் மருமக வீட்டுக்கு."

அவர் தலையை ஆட்டிவிட்டு, கத்தரியை எடுத்து அந்த வெள்ளை நாயின் காதோரத்தில் வேலையைத் தொடர்ந்தார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மழைக்கு முன்னால் எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அண்ணி